40 கஜத்தில் கொத்தாக அடித்தவன் 28 கஜத்தில் கோட்டை விட்ட கதை

முதல் தடவை வில்லோடு மான் வேட்டைக்குப் போவதற்கு முந்தைய கோடை முழுக்க வில்லும் கையுமாகத்தான் கிடந்தேன். தினமும் சாயங்காலம் ஐம்பது அறுபது அம்பு. 40 கஜத்தில் நின்று எய்தால் ஆறு அம்பும் ஒரு சின்னத் தட்டுக்குள் அடங்கிவிடும். இரண்டு தடவை, ஏற்கெனவே குத்தி நின்ற அம்பின் வாலிலேயே அடுத்த அம்பு போய் இறங்கி அதை நாசமாக்கியது. காசு போச்சே என்று வெளியில் புலம்பினாலும் உள்ளுக்குள் ஒரே பெருமை. அந்த உடைந்த அம்பை இன்னும் வைத்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

சீசன் தொடங்கி இரண்டாவது வாரம். பரணில் ஏறி மூன்று மணி நேரம் உட்கார்ந்தபின் ஒரு பெண் மான் வந்தது. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான். 28 கஜம், பக்கவாட்டில் நிற்கிறது, நடுவில் ஒரு கிளைகூட இல்லை. தலையை நிமிர்த்தி, இரண்டு காதையும் என் பக்கம் திருப்பி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கித் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. எய்தேன். அம்பு முதுகுத்தண்டுக்கு மேலே சதையை உரசிக்கொண்டு போய்விட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால் நுனி கறுத்த முரட்டு ரோமம் ஒரு சிட்டிகை, இலைமேல் நாலைந்து சொட்டு ரத்தம். அன்று இருட்டும்வரை தேடினேன், மறுநாள் காலையிலும் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. மேலோட்டமான காயம், பிழைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருப்பதால் நினைக்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம் உண்டு.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் ஒரு வாரம் முழுக்க அம்பைத்தான் நொந்துகொண்டிருந்தேன். முனை சரியில்லை, குறிகாட்டி அசைந்திருக்கும், தூரமானி தப்பாகக் காட்டியிருக்கும். மறுபடி இலக்குப் பலகைக்கு முன்னால் போய் நின்றால் எல்லாம் மையத்தில் குத்துகிறது. வில்லில் ஒரு கோளாறும் இல்லை.

நடந்தது என்னவென்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. என் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 280 அடி போகும். 28 கஜம் என்றால் 84 அடி, அதைக் கடக்க 0.3 விநாடி. ஒலியோ விநாடிக்கு சுமார் 1,125 அடி. அதாவது நாண் அதிர்ந்த சத்தம் 0.08 விநாடிக்குள் மானின் காதுக்குப் போய்விடுகிறது, அம்பு வந்து சேர அதற்குப் பிறகும் 0.2 விநாடிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. மிரண்ட மான் எடுத்த எடுப்பில் ஓடாது. ஓடுவதற்கு முன்பு காலை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும், ஸ்பிரிங்கை அமுக்குகிற மாதிரி. அந்த ஒரு அமுக்கலில் உடம்பு ஒரு சாண் இறங்கினாலே என் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். மேய்ந்துகொண்டிருக்கிற மானாக இருந்தால் அதே சத்தத்துக்கு இவ்வளவு வேகமாக உட்கார்ந்திருக்காது. இந்த மானோ காலைத் தட்டித் தட்டி "எனக்குத் தெரியும் நீ அங்கே இருக்கிறாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வேகமான வில் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எந்த வில்லும் ஒலியை முந்தாது. கனமான அம்பு போட்டால் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் வில்லின் சத்தமும் அடங்கும், அதைத்தான் நான் செய்தேன். அதைவிட முக்கியமாக, காதைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மானுக்கு 20 கஜத்துக்கு மேல் நான் எய்வதில்லை. அமைதியாக மேயும் மானுக்கு 30 வரை. பலகையில் 60 கஜம் வரை எய்து பழகுகிறேன், அது தவறுகள் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக மட்டும்.

இந்த இடத்தில் இஷியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சிய மனிதர், 1911இல் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே தனியாக வெளியுலகத்துக்கு வந்தவர், 1916இல் காசநோயில் இறந்துபோனார். சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் வித்தை கற்றார், அமெரிக்காவில் இன்றைய வில் வேட்டை அந்தச் சிநேகத்திலிருந்துதான் மறுபடி துளிர்த்தது என்று சொல்வார்கள். இஷியின் வில்வித்தையைப் பற்றி போப் பதிவு செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்: தூரத்து இலக்குப் பலகையில் இஷி ஒன்றும் பிரமாதமில்லை, மற்றவர்களே நன்றாக எய்வார்கள். பத்து இருபது கஜத்துக்குள் ஒரு சின்னப் பிராணியைக் காட்டினால் அப்போது தெரியும் அவர் யார் என்று. கிட்டே போவதுதான் அவருடைய வித்தை, எய்வது அதன் கடைசித் துளி.

சரி, பழகுகிற முறையில் என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஐம்பது அறுபது அம்புப் பழக்கத்தைக் கைவிட்டேன். ஐம்பது அம்பில் கடைசி இருபது களைப்பில் போகிறவை, அவை கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுத்தருகின்றன. அதோடு, இரண்டாவது அம்பு முதல் அம்பைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது, மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. காட்டில் அப்படித் திருத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் விறைத்துப்போய் உட்கார்ந்த உடம்பு, உதறல், பிறகு ஒரே ஒரு அம்பு. அதனால் இப்போது காலையில் எழுந்ததும், உடம்பு சூடாவதற்கு முன்பே, கதவைத் திறந்துகொண்டு போய் ஒரே ஒரு அம்பு. தூரம் தினமும் வேறு வேறு. அது எங்கே குத்தியது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அன்றைக்கு என் நிஜமான திறமை அதுதான், மற்றபடி சாயங்காலம் எய்வதெல்லாம் எய்யும் முறையைச் சரிபார்ப்பதற்கு. முதல் மாதத்து நோட்டைப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன், 40 கஜத்து வீரனின் முதல் அம்பு 25 கஜத்தில்கூட ஒரு சாண் தள்ளிக் குத்தியிருக்கிறது.

அப்புறம் வில்லின் இழுவை எடையை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலத்தை, குறைத்தேன். 70 பவுண்டு வைத்திருந்தேன், 60க்கு இறக்கினேன். ஆண்பிள்ளைத்தனத்துக்கு இழுக்கு என்று நினைக்கிறவர்கள் ஒன்று செய்துபாருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, வானத்தைப் பார்த்துத் தூக்காமல் அப்படியே இழுங்கள். முடியவில்லையா, எடை அதிகம். மான் பதினைந்து கஜத்தில் நிற்கும்போது வில்லை வானத்துக்கும் பூமிக்கும் ஆட்டிக்கொண்டு இழுத்தால் அது நின்று வேடிக்கை பார்க்காது. காம்பவுண்டு வில்லில் ஒரு பெரிய வசதி உண்டு, முழுக்க இழுத்ததும் கப்பிகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். 80 சதவீதம் குறைக்கும் வில் என்றால் 60 பவுண்டை இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். 1960களில் ஹாலஸ் ஆலன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார், 1969இல் காப்புரிமை கிடைத்தது. அந்தப் புண்ணியவான் இல்லையென்றால் மான் ஒரு மரத்தைத் தாண்டி வரும்வரை ஒரு நிமிஷம் இழுத்துப் பிடித்திருக்க என்னால் முடியாது. அதையும் பழக வேண்டும். இழுத்து, ஒரு நிமிஷம் பிடித்து, எய்யாமல் மெதுவாக இறக்குவது. எய்யாமல் இறக்குவதை யாரும் பழகுவதில்லை.

பதற்றம். இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் என்னை இரண்டு வருஷம் ஆட்டிவைத்தது இதுதான். குறிகாட்டியின் பச்சைப் புள்ளி மையத்தை நெருங்குகிறது, தொட்ட அந்தக் கணத்தில் மனசு "இப்போ!" என்று கத்துகிறது, விரல் நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவியின் விசையைக் குத்துகிறது, தோள் துள்ளுகிறது, அம்பு கீழே இடப்பக்கம். கொஞ்ச நாளில் நிலைமை இன்னும் மோசமாகி, புள்ளி மையத்துக்குப் போகவே மாட்டேன் என்று அதற்கு அரைச் சாண் கீழேயே நின்றுவிட்டது. கை நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் மக்கர் பண்ணுகிறது. இதற்கு எனக்குப் பலித்த வைத்தியம் ஒன்றுதான், சலிப்பூட்டும் வைத்தியம். படமோ புள்ளியோ எதுவும் இல்லாத வெறும் மூட்டைக்கு முன்னால் நான்கு தப்படி தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எய்வது. எங்கே குத்தும் என்ற கவலை இல்லாததால் உடம்பில் என்ன நடக்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். நாண் மூக்கின் நுனியைத் தொடுகிற இடம், கட்டைவிரல் கணு தாடை எலும்புக்குக் கீழே போய் உட்காருகிற குழி, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நெருங்குகிற அந்த மெதுவான இறுக்கம். விரலை விசைமேல் கொக்கி போல மாட்டிவிட்டு முதுகால் இழுத்துக்கொண்டே இருந்தால் அம்பு எப்போது போகும் என்று எனக்கே தெரியாது, திடுக்கென்று போகும். அந்தத் திடுக்கிடல்தான் சரியான எய்தல். ஒரு மாதம் இதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. வில்லைப் பிடிக்கும் கையும் இப்படித்தான், இறுக்கிப் பிடித்தால் வில் திருகும். கட்டைவிரலடிச் சதையில் வில்லை ஏந்திக்கொண்டு மற்ற விரல்களைத் தொளதொளவென்று விட்டுவிட வேண்டும்.

காட்டில் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு பழகுங்கள். பருத்த குளிர்ச்சட்டையின் கையில் நாண் தட்டினால் அம்பு எங்கேயோ போகும், அதை நவம்பர் மாதத்தில் மான் எதிரே நிற்கும்போது கண்டுபிடிக்க வேண்டாம். உட்கார்ந்து, முழங்காலிட்டு, இடுப்பைத் திருப்பி, எல்லாக் கோணத்திலும் எய்துபாருங்கள். பயிற்சி முனையும் பிளேடு வைத்த வேட்டை முனையும் ஒரே இடத்தில் குத்தும் என்று நம்ப வேண்டாம். பிளேடுக்கும் காற்று பிடிக்கும், வில் சரியாக ட்யூன் ஆகாமல் இருந்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பரணிலிருந்து எய்வதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, உயரத்தால் தூரக் கணக்கு ரொம்ப மாறும் என்று. 20 அடி உயரப் பரண், தரையில் 20 கஜம் தள்ளி மான் என்றால், நேர்கோட்டில் 21 கஜம், அவ்வளவுதான். உயரம் கெடுப்பது வேறு இரண்டை. ஒன்று, கையை மட்டும் கீழே இறக்கிக் குறிபார்த்தால் உடம்பின் அமைப்பு மொத்தமும் கலைந்துவிடும். முதலில் நேராக நின்று இழுத்துவிட்டு, பிறகு இடுப்பில் குனிய வேண்டும். இரண்டு, மான் பரணுக்கு அடியிலேயே வந்துவிட்டால் மேலிருந்து செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும்தான் துளைக்கும். ஒற்றை நுரையீரலோடு மான் எவ்வளவு தூரமும் போகும். அதனால் ஐந்து கஜத்து மானுக்கு எய்வதைவிட அது பதினைந்து கஜம் தள்ளிப் போகும்வரை விடுவது மேல்.

கிளை இடுக்கு வழியாக எய்யும்போது ஒரு தந்திரம் உண்டு, இதை யாராவது எனக்கு முதல் வருஷமே சொல்லியிருக்கலாம். அம்பு வளைந்து போகிறது, நம் பார்வை நேராகப் போகிறது. மான் 30 கஜத்தில், நடுவே 20 கஜத்தில் ஒரு கிளை. குறிகாட்டியில் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. 30க்கான புள்ளியை மானின்மேல் வைத்துக்கொண்டே, 20க்கான புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது அந்தக் கிளைமேல் இருந்தால் அம்பும் கிளையில்தான் குத்தும். பார்வைக்கு வழி முழுக்கத் திறந்திருந்தாலும் சரி.

காற்றுக்கு வருவோம். மானின் கண்ணை ஏமாற்றலாம். சிவப்பும் ஆரஞ்சும் அதற்குச் சரியாகத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும், அதனால் துணியைப் பளிச்சிட வைக்கும் சோப்புத்தூளைத் தவிர்த்தால் போதும், அசையாமல் இருந்தால் போதும். காதையும் ஓரளவு சமாளிக்கலாம். மூக்கிடம் மட்டும் எந்தப் பாச்சாவும் பலிக்காது. மணம் போக்கும் ஸ்பிரே, பெட்டி, பை என்று விற்கிறார்கள், நானும் வாங்கினேன், ஏமாந்தேன். மான் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று நம்மை நோக்கி வீசும்படி உட்காருவதைத் தவிர வழியில்லை. காற்றைப் பார்க்க எருக்கஞ்செடிக்கு உறவான ஒரு செடியின் விதைப் பஞ்சைப் பையில் வைத்திருக்கிறேன். நம் எருக்கம்பஞ்சு மாதிரியே இருக்கும். பரணிலிருந்து ஒரு இழையை விட்டால் அது ஐம்பது அறுபது கஜம் மிதந்து போவது கண்ணுக்குத் தெரியும், போகிற வழியில் எங்கே திரும்புகிறது, எங்கே சுழல்கிறது எல்லாம் தெரியும். பவுடரை ஊதிப் பார்க்கிறவர்களுக்கு முதல் இரண்டு கஜம்தான் தெரியும். சரிவான நிலத்தில் வெயில் ஏறியதும் காற்று மேட்டை நோக்கி எழும், சாயங்காலம் குளிர்ந்ததும் பள்ளத்தை நோக்கி வழியும். காலையில் அருமையாக இருந்த பரண் சாயங்காலம் நம் வாடையை நேராக மான் வரும் பாதையில் ஊற்றிக்கொண்டிருக்கும். ஒரே பரணில் இரண்டு வேளையும் உட்கார்ந்து, மான் ஏன் சீறிவிட்டு ஓடுகிறது என்று நான் வியந்த நாட்கள் நிறைய.

வில்லை எப்போது இழுப்பது என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. மானின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போகிற நேரம், அல்லது வேறு பக்கம் பார்க்கிற நேரம். கூட்டமாக வந்தால் எல்லாக் கண்ணையும் கணக்கில் வைக்க வேண்டும், மூத்த பெண் மான்தான் எமன். எய்யும் கோணத்தில் எனக்குப் பிடித்தது மான் கொஞ்சம் விலகித் திரும்பி நிற்பது, பின்பக்கம் சற்றே நம் பக்கமாக. அப்போது அம்பு நுழைகிற இடத்தைப் பார்க்காமல் மறுபக்கத்து முன்னங்காலைப் பார்த்துக் குறிவைக்க வேண்டும், உள்ளே போகிற அம்பு அங்கே வெளிவருகிற மாதிரி. நேர் எதிரே நம்மைப் பார்த்து நிற்கும் மானுக்கு எய்யவே மாட்டேன். நெஞ்சுக்கூட்டில் அம்பு இறங்கவேண்டிய இடம் எட்டுப் பத்து அங்குலம்தான், எதிரே நின்றால் அதுவும் குறுகிவிடுகிறது.

எய்த பிறகு நடப்பதில் பாதி வேட்டை இருக்கிறது. இறங்கி ஓடாதீர்கள். மான் கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒரு மரத்தோடு அடையாளம் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். அரை மணி கழித்து அம்பைத் தேடிப் போய், அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் சிவப்பில் குட்டிக் குட்டிக் குமிழ்களோடு இருந்தால் நுரையீரல், பெரும்பாலும் 100 கஜத்துக்குள் விழுந்திருக்கும். கருஞ்சிவப்பாகக் கெட்டியாக இருந்தால் கல்லீரல், நான்கு மணி நேரமாவது கழித்துத்தான் பின்தொடர வேண்டும். பச்சையும் பழுப்புமாக ஏதாவது ஒட்டியிருந்து, மோந்தால் குடல் நாற்றம் அடித்தால், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும், அது பக்கத்திலேயே படுத்திருக்கும், நாம் போனால்தான் எழுந்து ஓடும். காத்திருப்பது கொடுமையாக இருக்கும். தேடும்போது ஒவ்வொரு ரத்தச் சொட்டின் அருகிலும் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் வைத்துக்கொண்டே போவேன். திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும், அடுத்த சொட்டு எங்கே இருக்கும் என்பதும் ஓரளவு தெரியும்.

பரணில் ஏறும்போது, தரையிலிருந்து கால் எடுக்கும் கணத்திலிருந்து மறுபடி தரையில் வைக்கும்வரை, பாதுகாப்பு வாரைக் கயிற்றில் மாட்டியிருக்க வேண்டும். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது, மேலே போனபின் கயிறு கட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும். வேட்டைக்காரர்கள் படுகாயமடைய முக்கியக் காரணங்களில் ஒன்று பரணிலிருந்து விழுவதுதான். இதில் வாதம் செய்கிறவர்களோடு நான் காட்டுக்குப் போவதில்லை. உரிமம், சீசன், எந்த வில் செல்லும், குறைந்தபட்சம் எத்தனை பவுண்டு என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் வில்லைத் தொடவே வேண்டாம், வேட்டைக்குத் தடை இருக்கும் இடத்தில் பலகையோடு நின்றுவிடுங்கள்.

போன சீசனில் அதே 28 கஜத்தில், ஏறக்குறைய அதே மாதிரி நிமிர்ந்த தலையோடு ஒரு மான் நின்றது. வில்லை முழுக்க இழுத்தாகிவிட்டது. பச்சைப் புள்ளி விலாவின்மேல் அசையாமல் நிற்கிறது. அதன் காது இரண்டும் என் பக்கம். நாற்பது விநாடி இருக்கும், கை லேசாக உதற ஆரம்பித்ததும் மெதுவாக இறக்கினேன், அந்த அசைவில் அது ஒரே தாவாகத் தாவி மறைந்துவிட்டது. அந்த வருஷம் எனக்குக் கிடைத்த மான் அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது, 17 கஜம், தலையைக் குனிந்து ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது, அறுபது கஜம்கூட ஓடவில்லை.

இன்று காலை நோட்டில் எழுதியது: 25 கஜம், இரண்டு விரல் இடப்பக்கம், வில்லை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.